'வென்யூ' என்ற ஒரு சொல்லும் ஓர் அகராதிச் செயலியும்

அகராதியை மதிப்பிடுவதற்கு அதில் எத்தனை இலட்சம் சொற்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்ப்பவர்கள் உண்டு. என் வழக்கம் வேறு. எல்லோருக்கும் தெரிந்ததுபோலத் தோன்றி, எழுத உட்காரும்போது மட்டும் காலை வாரிவிடுகிற ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு, அதை அந்த அகராதி எப்படிக் கையாள்கிறது என்று பார்ப்பேன். கடந்த ஐந்து மாதங்களாக நான் கைப்பேசியில் பயன்படுத்திவரும் ஆங்கிலம்–தமிழ் அகராதிச் செயலியின் பானையிலிருந்து நான் எடுத்துப் பதம் பார்த்த சோறு 'வென்யூ'.

இந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. ஒரு சங்கத்தின் விதிமுறைகளை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கிக் கொடுக்கும் வேலை எனக்கு வந்திருந்தது. வென்யூ கிடைக்காத நிலையில் பொதுக்குழுக் கூட்டத்தை ஒத்திவைக்கலாம் என்பது அதில் ஒரு விதி. செயலியின் வாக்கிய மொழிபெயர்ப்புப் பகுதியில் அதை இட்டேன். 'இடம் இல்லையென்றால் கூட்டம் தள்ளிவைக்கப்படும்' என்று வந்தது. இலக்கணப் பிழை ஏதுமில்லாததால், அவசரத்தில் அப்படியே சேர்த்து அனுப்பிவிட்டேன். அதைப் படித்த உறுப்பினர் ஒருவர், "எல்லோருக்கும் உட்கார இடம் இல்லாவிட்டால் கூட்டமே நடக்காதா? நின்றுகொண்டே கேட்டுவிட்டுப் போகிறோமே, ஐயா" என்றார். அவர் கேட்டது நியாயம். தமிழில் 'இடம் இல்லை' என்றால் இருக்கை இல்லை என்பதே முதலில் காதில் விழும் பொருள். போதாக்குறைக்குக் 'கூட்டம்' என்ற சொல்லுக்கும் ஜனத்திரள், சபை என்று இரண்டு பொருள் இருப்பதால், அந்த நான்கு சொல் வாக்கியத்தில் இரண்டு சொற்கள் இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டு நின்றன.

செயலியில் அந்தச் சொல்லைத் தட்டச்சு செய்தால் திரையில் தெரிவது இதுதான்: மேலே தடித்த எழுத்தில் ஆங்கிலச் சொல், அருகில் ஒலிபெருக்கிப் படம், அதன் கீழே 'பெயர்ச்சொல்' என்ற சிறு குறிப்பு, பிறகு காற்புள்ளிகளால் பிரிக்கப்பட்ட ஒரே வரி. 'இடம், சந்திப்பு நிலையம், அரங்கம், மண்டபம், வழக்கு விசாரணைக்குரிய இடம், அதிகார வரம்பு' என்று அந்த வரி முடிகிறது. எது எங்கே பொருந்தும், எது பொதுவழக்கு, எது துறைவழக்கு என்ற அடையாளம் எதுவும் கிடையாது. பொருள் தெரிந்தவருக்கு இந்த வரி நினைவூட்டலாக உதவும். பொருள் தெரியாமல் வருபவர் ஆறில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வேண்டியதுதான். அகராதியை நாடி வருபவர்களில் பெரும்பாலோர் இரண்டாம் வகையினர் என்பதைச் செயலியை உருவாக்கியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

வென்யூ என்பது வெறும் இடமன்று. ஒரு நிகழ்ச்சி நடக்கவிருக்கிற, நடக்கிற, அல்லது நடந்து முடிந்த இடம். நிகழ்ச்சியை எடுத்துவிட்டால் அந்தச் சொல்லும் ஒட்டாது. காலியாகக் கிடக்கும் திடலை யாரும் வென்யூ என்று சொல்வதில்லை. அங்கே நாளை ஓர் இசைநிகழ்ச்சி என்று அறிவிப்பு வந்த நொடியில் அதே திடல் வென்யூ ஆகிவிடுகிறது. இசைநிகழ்ச்சிகளையும் திருமணங்களையும் நடத்துவதற்கென்றே கட்டப்பட்ட கட்டடங்களுக்கு மட்டும் நிகழ்ச்சி இல்லாத நாளிலும் இந்தப் பெயர் நிலைத்திருக்கிறது, ஏனென்றால் அவற்றின் தொழிலே அதுதான். 'லொகேஷன்' என்பது ஒன்று எங்கே அமைந்திருக்கிறது என்பதைச் சொல்வது. 'சைட்' என்பது பெரும்பாலும் கட்டுமானமோ அகழாய்வோ நடக்கும் நிலப்பகுதி. 'ஸீன்' என்பது விபத்தோ குற்றமோ நேர்ந்த இடம். முன்கூட்டியே திட்டமிட்டு மக்களை வரவழைக்கும் காரியம் எதுவோ அதற்குத்தான் வென்யூ. செயலியின் பதிவில் இந்த நான்கு சொற்களுக்கும் 'இடம்' என்பதே முதல் பொருள். வேறுபாட்டைச் சொல்லும் ஒரு வாக்கியத்தைச் சேர்த்திருந்தால் மற்ற எல்லாக் குறைகளையும் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன்.

இனி அந்த ஆறு தமிழ்ச் சொற்களுக்கு வருகிறேன். 'சந்திப்பு நிலையம்' என்பதை யார், எந்த மனநிலையில் சேர்த்தார்களோ தெரியவில்லை. அதைப் படிக்கும் தமிழருக்கு இரயில் தடங்கள் கூடுமிடம்தான் கண்முன் வரும். திருமண அழைப்பில் அதை அச்சிட்டால் விருந்தினர் பெட்டி படுக்கையோடு வந்து நிற்பார்கள். 'மண்டபம்' கூரையும் தூண்களும் உள்ள ஒரு கட்டடத்தைக் குறிப்பது. வென்யூ மண்டபமாக இருக்கலாம், கடற்கரையாகவும் இருக்கலாம், கப்பலின் மேல்தளமாகவும் இருக்கலாம். ஆகவே மண்டபம் என்பது பொருளுக்கு எடுத்துக்காட்டு ஆகுமே தவிர, பொருள் ஆகாது.

'அரங்கம்' சற்று நுட்பமான சிக்கல். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் அரங்குக்கு அளவு கொடுக்கப்பட்டிருக்கிறது: ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம், ஒரு கோல் என்பது இருபத்துநான்கு விரல். மேடையைப் பற்றிய அளவு இது. பார்வையாளர் உட்காரும் பகுதியும் வாயிலும் வண்டி நிறுத்துமிடமும் சேர்ந்த முழு வளாகத்தையும் அரங்கம் என்று சொல்வது பிற்காலத்து விரிவு, அதில் தவறும் இல்லை. ஆனால் மேடை என்ற பழைய நிழல் அந்தச் சொல்லை விட்டு இன்னும் போகவில்லை. மராத்தான் ஓட்டத்தின் வென்யூவை அரங்கம் என்று எழுதிப் பார்த்தால் இது விளங்கும். நாற்பத்திரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளும் அரங்கத்தை யாரும் கட்டியதில்லை. ஆற்றிடைக்குறைக்கும் அரங்கம் என்று பெயர் உண்டு என்பதை இங்கே ஒரு சுவைக்காக மட்டும் சொல்லிவைக்கிறேன்.

செயலி தராத சொற்களில் இரண்டைப் பற்றிக் கட்டாயம் பேச வேண்டும். முதலாவது 'நிகழ்விடம்'. அமைப்பைப் பார்த்தால் வென்யூவுக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ் கிடையாது: நிகழ்வு நடக்கும் இடம். கருத்தரங்க அறிவிப்புகளில் இது நன்றாகவே ஊன்றிவிட்டது. ஆனால் நாளிதழ்ச் செய்திகளில் இந்தச் சொல் எந்தச் சூழலில் வருகிறது என்று பாருங்கள்: 'நிகழ்விடத்திலேயே உயிரிழந்தார்', 'காவல்துறையினர் நிகழ்விடத்திற்கு விரைந்தனர்'. 'சம்பவ இடம்' என்பதற்குத் தூய தமிழாக வந்து அமர்ந்ததால், ஆங்கிலத்தில் ஸீன், வென்யூ என்று பிரிந்து கிடக்கும் இரண்டு பொருளும் தமிழில் ஒரே சொல்லுக்குள் வந்துவிட்டன. கருத்தரங்க அழைப்பில் நிகழ்விடம் என்று தயங்காமல் எழுதும் நான், திருமண அழைப்பில் எழுத இன்றும் தயங்குகிறேன். இந்தத் தயக்கம் பத்து ஆண்டுகளில் மறைந்துவிடலாம். சொற்கள் புழங்கப் புழங்கப் பழைய வாடையை இழக்கும். அதுவரை ஓர் அகராதி இந்தச் சொல்லைத் தந்து, கூடவே இந்த எச்சரிக்கையையும் தர வேண்டும்.

இரண்டாவது 'களம்'. நெல் அடிக்கும் இடமும் களம், போர் நடக்கும் இடமும் களம், பலர் கூடும் அவையும் களம். விளையாட்டுச் செய்திகளில் 'ஆடுகளம்' என்பது பந்து வீசப்படும் அந்தச் சிறு பரப்புக்கு ஒதுங்கிவிட்டதால், முழு விளையாட்டரங்குக்கும் அதைப் பயன்படுத்தினால் குழப்பம் வரும். 'சொந்த மைதானம்', 'பொதுவான மைதானம்' என்றுதான் வர்ணனையாளர்கள் சொல்கிறார்கள், அதுவே சரி. 'நியூட்ரல் வென்யூ' என்று தேடினால் செயலி 'நடுநிலை இடம்' என்று தருகிறது. எந்த அணிக்கும் சொந்தமல்லாத மைதானம் என்பதை அந்தத் தொடரிலிருந்து யாரும் ஊகிக்க முடியாது.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நாள், நேரம், இடம் என்று மூன்று வரி அச்சிடும் அழைப்பிதழில் 'இடம்' என்பதை வெல்லும் சொல் இல்லை. அங்கே மற்ற இரண்டு வரிகளும் நிகழ்ச்சியை நினைவூட்டிக்கொண்டே இருப்பதால் 'நடைபெறும்' என்ற அடைமொழி தேவைப்படுவதில்லை. தனி வாக்கியத்தில் வரும்போதுதான் 'நிகழ்ச்சி நடைபெறும் இடம்' என்று விரிக்க வேண்டியிருக்கிறது. சங்கத்தின் விதியையும் கடைசியில் 'கூட்டம் நடத்துவதற்கான இடம் கிடைக்காத நிலையில்' என்றுதான் திருத்தினேன். செயலி 'இடம்' என்பதை முதலில் வைத்தது சரியான முடிவு. அந்த அளவுக்கு அதைப் பாராட்டுகிறேன்.

சட்டப் பொருளில் செயலி மோசமாகத் தடுமாறுகிறது. வென்யூ, 'அதிகார வரம்பு' இரண்டும் ஒன்றல்ல. ஒரு வழக்கை விசாரிக்கும் அதிகாரம் ஒரு நீதிமன்றத்திற்கு இருக்கிறதா என்பது அதிகார வரம்பு பற்றிய கேள்வி. அதிகாரம் உள்ள நீதிமன்றங்கள் பலவாக இருக்கும்போது அவற்றில் எந்த ஊரில், எந்த மாவட்டத்தில் வழக்கு நடக்க வேண்டும் என்பதே வென்யூ பற்றிய கேள்வி. முதலாவது இல்லாவிட்டால் தீர்ப்பே செல்லாது. இரண்டாவதை எதிர்த்தரப்பு உரிய நேரத்தில் ஆட்சேபிக்காமல் விட்டால் பொதுவாக அதை ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும். இந்தச் சட்டப் பொருள் ஆங்கிலத்தில் 16ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. குற்றம் நடந்த சுற்றுவட்டாரத்திலிருந்துதான் ஜூரிகள், அதாவது வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்கள், வர வேண்டும் என்பது அக்கால விதி. அவர்கள் எங்கிருந்து 'வருகிறார்களோ' அந்த வட்டாரம் வென்யூ. அமெரிக்காவின் 1791ஆம் ஆண்டு ஆறாவது அரசியலமைப்புத் திருத்தமும், குற்றம் நடந்த மாநிலத்தையும் மாவட்டத்தையும் சேர்ந்த ஜூரியே விசாரிக்க வேண்டும் என்கிறது.

ஆனால் அந்த வட்டாரத்து மக்கள் அனைவரும் கொதித்துப் போயிருந்தால், அவர்களிலிருந்து நடுநிலையான ஜூரியைத் தேர்ந்தெடுக்க முடியாது. அப்போது வழக்கை வேறு ஊருக்கு மாற்றுவதுதான் 'சேஞ்ச் ஆஃப் வென்யூ'. 1995இல் 168 பேரைப் பலிகொண்ட ஓக்லஹோமா நகரக் குண்டுவெடிப்பு வழக்கு, அந்த மாநிலத்தில் நடுநிலையான விசாரணை நடக்க வாய்ப்பில்லை என்று நீதிபதி கருதியதால் கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகருக்கு மாற்றப்பட்டது இதற்குப் பலரும் அறிந்த சான்று. இந்தத் தொடரைச் செயலியில் தேடினேன். கிடைத்த விடை 'இடமாற்றம்'. அலுவலகத்தில் வேலை பார்த்த எவருக்கும் அந்தச் சொல் வேறொரு திகிலைத்தான் கிளப்பும். 'விசாரணை இடத்தை மாற்றுதல்' என்று மூன்று சொல்லில் சொல்வதற்கு எந்தத் தடையும் இல்லை.

நீதிமன்றத்துக்குப் போகாமல் நடுவர்களிடம் தகராறைத் தீர்த்துக்கொள்ளும் நடுவர் தீர்ப்பாயங்களில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு நுணுக்கம் உண்டு. 'சீட்' என்பது எந்த நாட்டின் நடுவர் சட்டம் அந்த நடவடிக்கையைக் கட்டுப்படுத்தும் என்பதைத் தீர்மானிக்கும் சட்டபூர்வ இருப்பிடம். 'வென்யூ' என்பது நடுவர்கள் வசதிக்காக உட்கார்ந்து பேசும் அறை. ஐக்கிய நாடுகளின் சர்வதேச வணிகச் சட்ட ஆணையம் 1985இல் வெளியிட்ட மாதிரிச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, இருப்பிடம் ஓரிடமாக இருந்தாலும் அமர்வுகளை வசதியான வேறிடத்தில் நடத்த இடமளிக்கிறது. ஒப்பந்தத்தில் எந்தச் சொல்லைப் போடுகிறோம் என்பதற்காகப் பெரும் வழக்குகளே நடந்திருக்கின்றன. செயலியில் இரண்டு சொற்களுக்கும் 'இடம்' என்ற விடை இருக்கிறது. ஒப்பந்தம் மொழிபெயர்ப்பவர்கள் இதை நம்பி இறங்க வேண்டாம்.

சொற்பிறப்புப் பகுதி கட்டணம் செலுத்துவோருக்கு மட்டும் திறக்கிறது. செலுத்திப் பார்த்தேன். 'இலத்தீன் வெனீரே, வருதல்' என்று ஒரே வரி இருந்தது. சரியான தகவல்தான், ஆனால் கதையின் சுவையான பாதி அதில் இல்லை. பழைய பிரெஞ்சில் 'வெனு' என்றால் வருகை. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது அது தாக்க வரும் வருகையைக் குறித்தது. பின்னர் வாள்விளையாட்டில் எதிராளியைத் தொடும் ஒரு குத்துக்கும் ஒரு சுற்றுக்கும் அதுவே பெயராயிற்று. அடிக்க வருவதில் தொடங்கி, ஜூரிகள் வந்துசேரும் வட்டாரமாகி, 19ஆம் நூற்றாண்டில்தான் கச்சேரிக்கும் பந்தயத்துக்கும் மக்கள் வரும் இடமாக அது அமைதியடைந்தது. போர்க்களமும் அவைக்களமும் ஒரே சொல்லுக்குள் இருக்கும் தமிழில் இது நமக்கு வியப்பாக இருக்க வேண்டியதில்லை. அதே வேரில் பிறந்தவை அவென்யூ, ரெவென்யூ, ஈவென்ட், கன்வென்ஷன் ஆகியன. 'ஈவென்ட் வென்யூ' என்று எழுதும்போது நாம் ஒரே வினைச்சொல்லை இருமுறை சொல்கிறோம்: வெளியே வந்தது ஒன்று, வந்துசேரும் இடம் ஒன்று. இன்றைய பிரெஞ்சில் அந்தச் சொல் இன்னும் வருகையாகவே இருக்கிறது. இடத்துக்கு அவர்கள் 'லியூ' என்கிறார்கள். பிரெஞ்சு கற்கும் தமிழர் தடுக்கி விழும் படிகளில் இது ஒன்று.

ஒலிப்பைச் சொல்லும் குரல் தெளிவாக இருக்கிறது. முதல் அசையில் அழுத்தம் விழுந்து 'வென்-யூ' என்று கேட்கிறது, அதுவே முறை. மெதுவாகச் சொல்லும் வசதியை அழுத்தினால் மட்டும் அந்த அழுத்தம் காணாமல் போய், இரண்டு அசையும் சமமாக நிற்கின்றன. குரல்வழித் தேடலில் நான் மூன்று முறை சொல்லியும் செயலிக்கு 'வேணு' என்றே கேட்டது. மூன்று முறையும் புல்லாங்குழலின் படம் வந்தது. நான்காம் முறை தட்டச்சு செய்துவிட்டேன்.

எடுத்துக்காட்டு வாக்கியங்கள் மூன்று. முதல் இரண்டும் குறை சொல்ல முடியாதவை. மூன்றாவது, வென்யூ ஞாயிற்றுக்கிழமை 'நடைபெறும்' என்று பொருள்படும் ஓர் ஆங்கில வாக்கியம். நடைபெறுவது நிகழ்ச்சி, இடம் எங்கேயும் நடைபோடாது. பலர் பேச்சில் செய்யும் பிழைதான் இது, ஆனால் அகராதியே அதை முன்மாதிரியாகக் காட்டுவது தகாது. இந்தச் சொல் எண்ணக்கூடிய பெயர் என்பதையும், பன்மை ஏற்கும் என்பதையும், நிகழ்ச்சியைச் சுட்ட 'ஃபார்' என்ற முன்னிடைச்சொல்லே இதனுடன் மிகுதியாக வரும் என்பதையும் செயலி எங்கும் சொல்லவில்லை. பன்மை வடிவத்தைத் தேடினால் வீனஸ் கோளுக்குக் கூட்டிப்போக விரும்புகிறதா என்று கேட்கிறது.

புதிய வழக்குகளைப் பற்றி நான் அதிகம் எதிர்பார்க்கவில்லை, செயலியும் அதிகம் தரவில்லை. இணையவழிக் கூட்டத்தின் இணைப்புக்கு எதிரே வென்யூ என்று எழுதும் பழக்கம் பரவியிருக்கிறது. நிதித்துறையில் 'டிரேடிங் வென்யூ' என்பது பங்குச்சந்தையையும் அதுபோன்ற மின்னணு வர்த்தக அமைப்புகளையும் குறிக்கும்; ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014ஆம் ஆண்டு நிதிச்சந்தை நெறிமுறை இதற்கு வரையறையே தந்து, மூன்று வகை அமைப்புகளை அதன் கீழ்க் கொண்டுவந்திருக்கிறது. இந்த இரண்டுக்கும் தமிழில் 'தளம்' அழகாகப் பொருந்துகிறது. இணையதளம் என்று சொல்லிப் பழகிய காதுக்கு 'வர்த்தகத் தளம்' அந்நியமாகப் படாது.

மற்றபடி செயலி வேகமானது. இணைய இணைப்பு இல்லாமலும் சொற்பொருள் கிடைக்கிறது, எழுத்துரு கண்ணுக்கு இதமாக இருக்கிறது, தேடிய சொற்களின் பட்டியல் அழியாமல் நிற்கிறது. இலவசப் பதிப்பில் விளம்பரம் ஐந்தாறு தேடலுக்கு ஒருமுறை திரையை மறைக்கிறது. அதற்காக மட்டும் கட்டணம் செலுத்தலாம், சொற்பிறப்புக்காகச் செலுத்த வேண்டாம். அன்றாட வாசிப்பில் தடுக்கும் சொல்லைச் சட்டென்று தெரிந்துகொள்ள இதை நான் தொடர்ந்து வைத்திருக்கப்போகிறேன். விதிமுறை, ஒப்பந்தம், நீதிமன்ற ஆவணம் என்று வந்தால் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தடித்த அகராதியைத்தான் எடுக்கிறேன். ஐந்தில் இரண்டரை நட்சத்திரம் தருகிறேன்.

பிழைகளை எழுதி அனுப்புவதற்குச் செயலியில் ஒரு பெட்டி இருக்கிறது. 'சந்திப்பு நிலையம்', 'அதிகார வரம்பு' இரண்டையும் நீக்கும்படியும் 'நிகழ்விடம்' என்பதைச் சேர்க்கும்படியும் காரணங்களோடு எழுதினேன். ஆறு வாரங்கள் கழித்து வந்த புதுப்பிப்பில் நிகழ்விடம் சேர்ந்திருந்தது, ஏழாவதாக, அதிகார வரம்புக்கு அடுத்து.